வண்டி மறந்த சாவி

வேலை செய்த இடத்தில் அவரை எல்லோரும் 'சைரன்' என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அந்தப் பெயர் அவருடைய குறட்டைக்கும் பொருந்தும் என்பது மனைவியின் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறிய வெள்ளைக் காரை வாங்கினார். அதற்கு என்ன வேலை வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இரண்டே வருடத்தில் மனைவியின் சிறுநீரகங்கள் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்பப் பன்னிரண்டு ஆகும். சைரன் மறுபடியும் நோயாளி ஏற்றிப் போகிற டிரைவர் ஆனார். ஒரே ஒரு நோயாளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் அவருடைய கண் போனது. ஒரேயடியாகப் போயிருந்தால் எல்லோரும் தப்பித்திருப்பார்கள். கண் அழுத்த நோய் திருட்டுப் பூனை மாதிரி வந்தது. இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. வலது கண்ணிலும் ஓரங்கள் உதிர்ந்துவிட்டன. நேர் எதிரே இருப்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் வாசிப்பார். வாசித்துவிட்டு, "இந்தக் கண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்று மகளிடம் கேட்பார்.

மகளுக்கு முப்பத்தெட்டு வயது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. காலை ஆறரைக்கே போயாக வேண்டும். அம்மாவைக் கூட்டிப்போக அவளால் முடியாது. அப்பா ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் அவளுடைய கைப்பையில் மடிப்பு கிழிகிற அளவுக்குப் பழசாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு உரிமம் தரும் அலுவலகத்துக்கும் போனாள். "இன்னும் ரெண்டு வருஷம் செல்லுபடி ஆகும்மா. அவரா வந்து ஒப்படைச்சா வாங்கிக்கறோம்" என்றார் அங்கிருந்த எழுத்தர். அவராக வந்து ஒப்படைப்பதற்குள் கடல் வற்றிவிடும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

ஒருமுறை சாவியை ஒளித்துவைத்துப் பார்த்தாள். அப்பா சண்டை போடவில்லை. ஒன்றரை நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அம்மாவும் தட்டை நகர்த்தி வைத்தபோது சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

போன வாரம் ஒரு சைக்கிள்காரர் வீட்டு வாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தார். முழங்கை தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. காரின் இடதுபக்கக் கண்ணாடி அவரைத் தட்டிவிட்டிருந்தது. தட்டியதே அப்பாவுக்குத் தெரியவில்லை. "அந்தாளு திடீர்னு வந்துட்டாரு பாப்பா" என்றார். அவருக்கு இடதுபக்கத்தில் எல்லாமே திடீரென்றுதான் வந்துகொண்டிருந்தன.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து, அவள் சாவிக்காரரை வரவழைத்தாள்.

சாவிக்காரர் ஒரு சின்ன வேனில் தொழில் நடத்தினார். உள்ளே சாவி வெட்டும் இயந்திரம், சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு முழங்கால் சரியில்லை. வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"வண்டி அப்பா பேர்ல இருக்கே."

"ஆமா. அவரு ஓட்டக்கூடாது. ஆனா கேக்க மாட்டேங்கறாரு." டாக்டர் கடிதத்தை நீட்டினாள். "அவரு சாவி வேலை செய்யக்கூடாது. சாவியைப் புடுங்குனா சோறு தண்ணி இல்லாம கெடப்பாரு. அதனால சாவி அவருகிட்டயே இருக்கணும். வண்டிதான் கெட்டுப்போச்சுன்னு அவரு நெனைக்கணும். அப்படி ஏதாவது செய்ய முடியுமா?"

சாவிக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு வேனின் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"அந்தக் காலத்து வண்டியா இருந்தா முடியாதும்மா. அதுல இருக்கறது வெறும் இரும்புச் சாவி. பல்லு சரியா வெட்டியிருந்தா பூட்டுக்குள்ள இருக்கற தகடெல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துரும், திருப்பிடலாம். யாரு கையில இருந்தாலும் ஓடும். இப்ப வர்ற புது வண்டின்னா சாவியை நுழைக்கவே வேண்டாம். பையில இருந்தா போதும், வண்டியும் சாவியும் காத்துலயே பேசிக்கும், பட்டனை அமுக்கிட்டுப் போக வேண்டியதுதான். உங்க வண்டி ரெண்டுக்கும் நடுவுல." அவள் கொண்டுவந்திருந்த மாற்றுச் சாவியை வாங்கி, அதன் கறுப்புத் தலையைக் கட்டைவிரலால் தட்டினார். "இதுக்குள்ள அரிசி மாதிரி ஒரு சில்லு இருக்கு. அதுக்கு பேட்டரி கிடையாது. சாவி போடுற துவாரத்தைச் சுத்தி ஒரு வளையம் இருக்கு பாருங்க, அதுதான் சில்லுக்கு உசுரு கொடுத்து 'நீ யாரு'ன்னு கேக்கும். சில்லு ஒரு நம்பர் சொல்லும். வண்டிக்கு அந்த நம்பர் தெரிஞ்சா ஓடும். தெரியலைன்னா ஒரு நொடி உறுமிட்டு அணைஞ்சுரும்."

"அப்போ அப்பாவோட நம்பரை வண்டிகிட்டேருந்து எடுத்துடலாமா?"

"எல்லாத்தையும் அழிச்சுட்டு இந்த ஒண்ணை மட்டும் எழுதினா போதும். எழுதற நேரத்துல கையில இல்லாத சாவியை வண்டி மறந்துரும். அப்பா சாவி கதவைத் திறக்கும், திரும்பும், எல்லாம் செய்யும். ஓட மட்டும் விடாது." மாற்றுச் சாவியைக் கையில் திருப்பிப் பார்த்தார். "ஆளு பொய் சொல்லிப் பாத்திருக்கேன். வண்டியைப் பொய் சொல்ல வைக்கறது இதுதான் முதல் தடவை."

"சைக்கிள்ல வந்தவருக்கு மூணு பிள்ளைங்களாம்" என்றாள் அவள். சாவிக்காரர் எழுந்து கருவியை எடுத்துவந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அம்மா வழக்கம்போல முன் இருக்கையில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா சாவியைத் திருப்பினார். இயந்திரம் பிடித்தது, ஒரு நொடி சுற்றியது, நின்றது. மறுபடி திருப்பினார். பிடித்தது, நின்றது. அன்றைக்கென்று முறை மாற்றிக்கொண்டு வேலைக்குத் தாமதமாகக் கிளம்பிய மகள் சமையலறை ஜன்னலில் நின்று எண்ணினாள். ஏழு முறை. ஸ்டியரிங்குக்கு எதிரே முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்குப் பொட்டு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்று வெளியே வந்து கேட்டபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"பெட்ரோல் வரல போல. சனிக்கிழமை வரைக்கும் குதிரை மாதிரி ஓடுச்சு."

"வாடகை வண்டி கூப்பிடறேன். அம்மாவுக்கு நேரமாச்சு."

அவர் சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். வாடகைக் காரின் பின் இருக்கையில் அம்மாவை ஏற்றும்போது, தலை இடிக்காமல் இருக்க கதவின் மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பிடித்தார். எத்தனை நோயாளிகளை அப்படி ஏற்றியிருப்பாரோ.

திட்டம் பலித்துவிட்டது என்று மகள் நினைத்தாள். அதில் தானே மாட்டிக்கொள்வோம் என்று நினைக்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் அப்பா காரின் இயந்திர மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே கிடந்தார். மறுநாளும் அதே கோலம். பேட்டரி முனைகளைத் தேய்த்தார். வடிகட்டியைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். எதையும் நேருக்கு நேர் முகத்தருகே வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இடதுபுறம் வைத்த திருப்புளியைத் தடவித் தடவித் தேடினார். நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு. ஆனால் அவர் சந்தோஷமாக இருந்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க ஆம்புலன்ஸுக்கெல்லாம் ஒரே சாவிதான் பாப்பா" என்றார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "ஆணியில தொங்கும். யாருக்கு அழைப்பு வருதோ அவன் எடுத்துட்டு ஓடுவான். ஒருநாள் ஒருத்தன் சட்டைப் பையில போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான். நான் திருப்புளியை விட்டுத் திருப்பி ஓட்டிட்டுப் போனேன். பிரசவ கேஸு. இந்த வண்டிக்கு அவ்வளவு திமிரு. ஆனா விடமாட்டேன்."

அவள் "சாப்பிட வாங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டால் மறுபடி பட்டினி. சொல்லாவிட்டால் ஒரு நல்ல வண்டியை அவர் இந்த மாதிரி திருகு திருகாகப் பிரித்துக்கொண்டிருப்பார். சமையலறையில் அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியும் போலவும் இருந்தது, தெரியாது போலவும் இருந்தது.

வியாழக்கிழமை தெருமுனை மெக்கானிக் வந்து கருவியை மாட்டிப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்க சாவியைத்தான் அதுக்கு அடையாளம் தெரியல" என்றார். அப்பா உடனே கடைக்குப் போய்ப் கதவு திறக்கும் ரிமோட்டுக்கான பொத்தான் பேட்டரி வாங்கிவந்து சாவியில் மாற்றினார். கதவு முன்னைவிடச் சுறுசுறுப்பாகத் திறந்தது. இயந்திரம் ஒரு நொடி உறுமி அணைந்தது. மெக்கானிக் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வட்டாரத்தில் கார் சாவி எழுத இருந்தவர் ஒரே ஆள்தான்.

சனிக்கிழமை காலை அம்மாவை வாடகைக் காரில் தனியே அனுப்பிவிட்டு அப்பா வாசலில் காத்திருந்தார். மகள் வேலையில் இருந்தாள். யாரை எதற்கு வரச்சொல்லியிருக்கிறார் என்று அவளிடம் சொல்லவில்லை.

சாவிக்காரர் வேனை நிறுத்தியதுமே வீட்டை அடையாளம் கண்டுகொண்டார். வெள்ளைக் காரையும், அதன் பக்கத்தில் சாவியோடு நிற்கிற பெரியவரையும் பார்த்தார். "சாமான் எடுத்துட்டு வர்றேங்க ஐயா" என்று சொல்லி வேனின் பின்பக்கம் போய், மகளின் எண்ணை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. நான்கு முறை அழைத்தார். சலவைக்கூடத்துக்குள் தொலைபேசி கொண்டுபோகக் கூடாது. அது உடை மாற்றும் அறையின் பெட்டிக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் அவர் கருவியை எடுத்துவந்து காரில் மாட்டினார்.

"சாவியில கோளாறா, வண்டியில கோளாறா?" என்று கேட்டார் அப்பா.

"ரெண்டுலயும் இல்லைங்க ஐயா."

அப்பா குனிந்து கருவியின் திரையை நேராகப் பார்த்தார். பொடி எழுத்து. பளிச்சென்று வாசித்தார். "பதிவான சாவி ஒண்ணுன்னு போட்டிருக்கு. எங்கிட்ட ரெண்டு இருக்கே."

அவர் வீட்டுக்குள் போனார். மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் கவிழ்த்துக் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தார்.

"முன்னாடியே வந்தீங்களா நீங்க?"

சாவிக்காரர் படிக்கருகே வந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமாங்க. உங்க பொண்ணு டாக்டர் எழுதினதைக் காட்டுனாங்க."

"அஞ்சு நாளு" என்றார் அப்பா. "அஞ்சு நாளு நான் இந்த வண்டியைப் பிரிச்சு மேஞ்சேன். அவ ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தா." நகக்கண்ணில் இருந்த கறுப்பைச் சுரண்டினார். "வண்டி யாரு பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதாங்க."

"அப்ப என் சாவியை எழுதுங்க."

"ஐயா, ஓட்ட வேண்டாங்க. நான் சொல்லக்கூடாது, இருந்தாலும்..."

"நீங்க சாவிக்காரரா, கண் டாக்டரா?"

சாவிக்காரர் நின்றபடியே யோசித்தார். கருவி வேலை செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன ஞாயிறு அந்த வார்த்தையை வண்டியைச் சொல்ல வைத்தவர்தான். இன்று அவராலேயே சொல்ல முடியவில்லை. சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், புத்தகம் அவர் பேரில், சாவி அவர் கையில்.

"இன்னொரு சாவி இங்க இல்லைங்க. இதை எழுதினா அது அழிஞ்சுரும்."

"அழியட்டும்" என்றார் அப்பா.

பத்தரை மணிக்கு இடைவேளை விட்டதும் மகள் பெட்டியைத் திறந்தாள். நான்கு தவறிய அழைப்புகள். திரும்ப அழைத்தாள்.

"எழுதிக் கொடுத்துட்டேம்மா" என்றார் சாவிக்காரர். "நேருக்கு நேரா கேட்டுட்டாரு. மாட்டேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? அம்மாவைக் கூட்டிட்டு வரப் போறேன்னு கிளம்பிட்டாரு. கொஞ்ச தூரம் பின்னாடியே போனேன். சிக்னல்ல நான் மாட்டிக்கிட்டேன்."

அவள் உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடினாள். வாடகை வண்டியில் உட்கார்ந்து அப்பாவை அழைத்தாள். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார். அந்த ஒழுங்கு முப்பத்தொரு வருடப் பழக்கம். போகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு முனையில் கூட்டம் கூடியிருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். பழம் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று சாய்ந்து கிடந்தது; வெள்ளைக் கார் எதுவும் இல்லை. அவளால் செய்ய முடிந்தது, முன்னால் இருந்த டிரைவரிடம் "கொஞ்சம் சீக்கிரம்" என்று சொல்வது மட்டும்தான். அவரோ நெரிசலைக் காட்டிக் கையை விரித்தார்.

டயாலிசிஸ் நிலையத்தின் வாசலில் கார் நின்றது. கோடு கிழித்த இடத்தில், அளவெடுத்தாற்போல நேராக. ஒரு கீறல்கூட இல்லை. அப்பா அதன்மேல் சாய்ந்து நின்றார். அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியால் வந்ததா, இனி அவரிடம் ஓட்டாதீர்கள் என்று சொல்ல வழியில்லை என்பதால் வந்ததா என்று தெரியவில்லை.

"பாத்துக்கோ" என்றார் அப்பா. "முழுசா வந்திருக்கேன்."

அம்மா உள்ளே தாழ்வாரத்து நாற்காலியில் இருந்தாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. சிகிச்சை முடிந்தால் எப்போதும் அப்படித்தான், பிழிந்துபோட்ட துணி மாதிரி.

"அம்மா ஏன் வண்டியில உக்காரல?"

"வரமாட்டாளாம்" என்றார் அப்பா. "அரைமணியா கெஞ்சறேன்."

அம்மாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "ஏங்க, இவகிட்டயும் சொல்லிடறேன். ஒரு வருஷமா உங்க இடது கண்ணு நான்தான். 'சைக்கிள் வருது, நாய் நிக்குது, அந்தப் பொண்ணு ரோட்டைத் தாண்டப் போகுது'ன்னு வாய் ஓயாம சொல்லிட்டே வருவேன். நீங்களும் கேட்டுப்பீங்க. இவளுக்குத் தெரியாம ரெண்டு பேருமா ஓட்டினோம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை.

"போகும்போது சரி. திரும்பும்போது எனக்குக் கண்ணு சொருகிடுது. முழிச்சுப் பாத்தா வீட்டு வாசல். எப்படி வந்தோம்னு தெரியாது. அந்த சைக்கிள்காரரைத் தட்டுன அன்னிக்கும் நான் தூங்கிட்டேன்." அம்மா பஞ்சைத் திருப்பி அழுத்தினாள். "எனக்கு பயமா இருக்குன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? இந்த வேலையும் போச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க? அதான் சொல்லல. இன்னிக்கு நீங்க ஒத்தையா ஓட்டிட்டு வந்துட்டீங்க. இனிமே நான் ஏறமாட்டேன்."

உள்ளிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நான் ஓட்டறேன். வாங்க" என்றாள் மகள். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின் இருக்கையில் படுக்க வைத்தாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கைப்பையில் இருந்த மாற்றுச் சாவியை நுழைத்துத் திருப்பினாள். இயந்திரம் பிடித்தது, ஒரு நொடி சுற்றியது, நின்றது. முன்பலகையில் சிவப்புப் பொட்டு சிமிட்டியது. புரியாதவள் போல மறுபடி திருப்பினாள். மறுபடியும் நின்றது.

அப்பா ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். "அது ஓடாது. இதை எழுதும்போது அது அங்க இல்ல."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"தெரிஞ்சுதான்." அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. "எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம் பாப்பா."

"எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்ன. கத்தின, அழுத, கடிதத்தைக் காட்டுன. அதெல்லாம் எனக்குப் புரிஞ்சுது. நானும் பதிலுக்குக் கத்தினேன். ஆனா வண்டியைப் பொய் சொல்ல வச்சது... நான் பாக்காத பக்கத்துலேருந்து வந்து அடிச்ச மாதிரி இருந்துச்சு."

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள். "சாவி குடுங்கப்பா. அம்மா படுக்கணும்."

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். எடுக்க நெடுநேரம் ஆனது. வெயில் அவர் பிடரியில் விழுந்துகொண்டிருந்தது. பின் இருக்கையில் அம்மா கண்ணை மூடியபடியே, "யாராவது ஒருத்தர் எடுங்க, எனக்குத் தலை சுத்துது" என்றாள். அப்பா சாவியை மகள் கையில் தரவில்லை. முன்பலகையின் மேல் வைத்தார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு வந்து, கதவைத் தடவித் திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். வீடு வரைக்கும் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு தடவைகூட 'மெதுவா' என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவளே சாவிக்காரரை வரவழைத்து இரண்டு சாவிகளையும் ஒன்றாக எழுத வைத்தாள். அப்பாவும் பக்கத்தில் நின்றார். சாவிக்காரர் இருவர் முகத்தையும் பார்க்காமல் வேலையை முடித்துவிட்டுப் போனார். சாவிகள் சமையலறை மேசையின்மேல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிக் கிடந்தன. இனிமேல் ஒளிப்பது இல்லை என்று யாரும் சொல்லிக்கொள்ளாமலே முடிவாயிற்று. ஓட்டுவது இல்லை என்று மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை.

செவ்வாயும் வியாழனும் அவள் மதிய முறைக்கு மாற்றிக்கொண்டு அம்மாவைக் கூட்டிப்போனாள். சனிக்கிழமை வாடகைக் கார். அப்பா கூடவே போய், மேல்விளிம்பில் கையை வைத்து அம்மாவை ஏற்றி இறக்கினார். மற்ற நாட்களில் வீட்டிலேயே இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார். பேச்சு மட்டும் குறைந்துபோனது. குறட்டைகூடக் குறைந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

அவள் இல்லாத நேரத்தில் அவர் வண்டியை எடுக்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் பதில் வரும். அதை நம்புவதா என்பதுதான் தெரியாது. அம்மாவைக் கேட்டால், "நான் தூங்கிட்டேனே" என்பாள். அதனால் காலை முறை நாட்களில் வேலை விட்டு வந்ததும் வீட்டுக்குள் நுழையும் முன்பு காரின் இயந்திர மூடிமேல் கையை வைத்துப் பார்ப்பாள். சூடாக இருக்கும். மத்தியானம் முழுக்க வெயிலில் நிற்கிற வண்டி எப்படியும் சூடாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றுவிட்டு உள்ளே போவாள்.